மார்பக ஆபரேஷனுக்கு நரம்பு பிளாக் போட்டால் பிற்காலத்தில் வலி வராதா?

தாழம்பூ_43

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, திருச்சிப் பக்கம். இடது மார்பில் கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் ஆபரேஷன். மார்பை முழுதாக எடுக்கப் போகிறார்கள், அக்குளில் முதலில் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால்தான் மிச்சத்தை எடுப்போம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை, அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

கேட்க வந்தது வேறு. போன வாரம் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், போனேன். சின்ன வயதுதான், பொறுமையாகப் பேசினார். முழு மயக்கத்தோடு சேர்த்து, மார்புக்கு வரும் நரம்புகள் மரத்துப்போக ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஒரு ஊசி போடலாம், பிளாக் என்று சொல்வோம், சம்மதமா என்று கேட்டார். வலி குறையுமாம், வாந்தி குறையுமாம். அதெல்லாம் சரி. 'பின்னாடியும் வலி வராம இருக்க வாய்ப்பு இருக்கும்மா' என்று போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

காரணம் என் சித்தி. அவருக்கு வலது மார்பை எடுத்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அக்குளையும் முழுசாகச் சுத்தம் செய்தார்கள், கீமோ முடிந்தது, கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்து முடிந்தது, செக்கப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கையின் உட்புறம், அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும், எரிகிறது. மிளகாய் அரைத்த கையால் அங்கே தேய்த்துவிட்ட மாதிரி என்பார். பிளவுஸின் கைத்தையல் உரசினால் தாங்காது, அதனால் பிளவுஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார். போன மாதம் ஒரு வளைகாப்பில் யாரோ ஒரு அம்மா 'பிளவுஸைத் திருப்பிப் போட்டிருக்கீங்களே' என்று சொல்லிவிட்டார். 'அவசரத்துல வந்துட்டேன்' என்று சித்தி சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

செக்கப்பில் சொன்னால் 'ஆபரேஷன் பண்ண இடம், அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். அவருக்கு பிளாக் போடவில்லை, கேட்டுப் பார்த்தேன்.

அதனால் நேராகவே கேட்கிறேன். இந்த ஊசி போட்டால் எனக்குச் சித்தி மாதிரி ஆகாமல் இருக்குமா? முதுகிலோ மார்பிலோ ஊசி என்றால் ஏதாவது ஆபத்து உண்டா? சித்திக்கு இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை காலம் கடந்துவிட்டதா?

ஆடிப்பெருக்கு

யோசிக்கவே யோசிக்காதீங்க, போட்டுக்கோங்க. என் நாத்தனாருக்குப் போட்டார்கள், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து ஃபோனில் பேசினார். பின்னாடி வலி வரவே வராது என்று அங்கேயே சொல்லித்தான் போட்டார்கள். அவருக்கு ஆகி நாலு மாதம்தான், இப்போதைக்கு நன்றாக இருக்கிறார்.

பாதிராத்திரி_டியூட்டி

நான் மயக்கவியல் மருத்துவர், வாரத்தில் இரண்டு நாள் வலி கிளினிக்கும் பார்க்கிறேன். உங்கள் ரிப்போர்ட் எதையும் நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிளாக் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் சித்தியை நினைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், உங்கள் முதல் ராத்திரிக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் வலிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்து வரும் எரிச்சலைத் தடுக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால், மேலே ஒருவர் எழுதியிருப்பது போல 'வரவே வராது' என்று சொன்னால், அது தெரிந்ததை மீறிச் சொல்வது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மார்பின் தோலுக்கு உணர்வு கொடுப்பவை பெரும்பாலும் விலா எலும்புகளுக்கு நடுவே முதுகிலிருந்து சுற்றி வரும் நரம்புகள். அவை முதுகெலும்பை விட்டு வெளியே வரும் இடத்திலேயே மருந்து விட்டால் அது பாராவெர்டிப்ரல் பிளாக். புதுசு ஒன்றும் இல்லை, ஜெர்மனியைச் சேர்ந்த ஹூகோ செல்ஹைம் 1905இலேயே செய்தது, நடுவில் எல்லோரும் மறந்து 1979க்கு அப்புறம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கத்தில் மார்புத் தசைகளின் அடுக்குகளுக்கு நடுவே மருந்தைப் பரப்புவது பெக்ஸ் பிளாக், அதை பிளாங்கோ என்ற மயக்கவியல் மருத்துவர் 2011இல் எழுதினார். முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016இல் வந்தது. உங்கள் டாக்டர் இதில் எதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புராஸ்பெக்ட் என்ற ஐரோப்பியக் குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், மார்பகப் புற்றுக்கான பெரிய ஆபரேஷன்களுக்குப் பாராவெர்டிப்ரல்தான் முதல் தேர்வு, பெக்ஸ் அதற்கு மாற்று. நடைமுறையில் எந்த டாக்டருக்கு எது கைபழகியதோ அதுதான் நல்ல பிளாக்.

இப்போது பிற்கால வலிக்கு வருகிறேன். உங்கள் டாக்டர் சொன்னது பொய் இல்லை, பாதிக் கதை. 2018இல் காக்ரேன் (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு) தொகுப்பு ஒன்று வந்தது. மார்பகப் புற்று ஆபரேஷனில் மரப்பு மருந்து முறைகளைச் சோதித்த 18 சின்னச் சின்ன ஆய்வுகள், மொத்தமே 1297 பேர். அதைக் கூட்டிப் பார்த்ததில், 7 பேருக்குப் பிளாக் மாதிரி ஏதாவது கொடுத்தால் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தவிர்க்கப்படுகிறது என்று கணக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானே அப்போது நோயாளிகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருடம், 2019இல், லான்செட் என்ற மருத்துவ இதழில் செஸ்லர் குழுவின் ஆய்வு வந்தது. 8 நாடுகள், 13 மருத்துவமனைகள், 2108 பெண்கள். பாதிப் பேருக்குப் பாராவெர்டிப்ரல் பிளாக்கும் புரோபோஃபால் என்ற மயக்க ஊசியும், மீதிப் பேருக்கு வாயு மயக்கமும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மருந்தும். உண்மையில் அந்த ஆய்வு தொடங்கியது வலிக்காக இல்லை. 2006இல் டப்ளினில் 129 பெண்களின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, பிளாக் போட்டவர்களுக்குப் புற்று திரும்புவது குறைவாக இருப்பது போலத் தெரிந்தது, அதை ஒழுங்காகச் சோதிக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். முடிவில் இரண்டு பக்கமும் 10 சதவீதம் பேருக்குத் திரும்பியது. வித்தியாசம் இல்லை. வலியையும் கேட்டுக் குறித்திருந்தார்கள். ஆறாவது மாதம் தையல் போட்ட இடத்தில் வலி இரண்டு குழுவிலும் 52 சதவீதம். ஒரு வருடத்தில் 28, 27. நரம்பு எரிச்சல் வகை வலி ஒரு வருடத்தில் 7 சதவீதம், அதிலும் வித்தியாசம் இல்லை.

சின்ன ஆய்வுகள் ஒன்று சொல்ல, பெரிய ஆய்வு வேறு சொல்கிறது. நான் பெரியதன் பக்கம்தான் சாய்கிறேன். வேறு வகை பிளாக், நாள் கணக்கில் குழாய் வைத்து மருந்து விடுவது என்று ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள், கதவு மூடிவிடவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்று யோசித்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிளாக் ஒரு பகலோ ஒரு ராத்திரியோ நிற்கும். புண் ஆற வாரக்கணக்கு. அதற்கு மேல் கீமோ, கரண்ட். உங்கள் சித்தி சொல்லும் இடம் இருக்கிறதே, அக்குளிலிருந்து முழங்கை வரை கையின் உட்புறம், அது அச்சு அசலாக ஒரே ஒரு நரம்பின் இடம். இன்டர்காஸ்டோபிராக்கியல் என்று பெயர், இரண்டாவது விலா இடுக்கிலிருந்து கிளம்பி அக்குளின் கொழுப்புக்கு நடுவே நூல் மாதிரி கடந்து கைக்குப் போகும். அக்குளைச் சுத்தம் செய்யும்போது நெறிக்கட்டிகள் அதைச் சுற்றித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் வெட்ட வேண்டியிருக்கும், சில சமயம் காப்பாற்றினாலும் இழுபடும். வெட்டுப்பட்ட நரம்பை வெட்டுப்படாததாக ஆக்க என் ஊசியால் முடியாது.

டென்மார்க்கில் 2005, 2006இல் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடம் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேட்டார்கள், 3253 பேர் பதில் சொன்னார்கள். 47 சதவீதம் பேர் வலி இருக்கிறது என்றார்கள். பயப்படாதீர்கள், அதில் பாதிப் பேருக்கு லேசான வலிதான், கடுமையான வலி என்றவர்கள் வலி உள்ளவர்களிலேயே 13 சதவீதம். யாருக்கு அதிகம் என்று பார்த்தால் இளம் வயதுக்காரர்கள், அக்குளை முழுசாகச் சுத்தம் செய்தவர்கள், கரண்ட் வைத்தவர்கள். உங்கள் சர்ஜன் முதலில் ஒன்றிரண்டு நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்றாரே, உங்கள் பிற்காலக் கையைக் காப்பாற்றுவதில் என் பிளாக்கைவிட அதற்குத்தான் பங்கு அதிகம். அந்த நரம்பை முடிந்தவரை காப்பாற்றுவீர்களா என்று அவரிடமே கேளுங்கள். கோபப்பட மாட்டார்.

ஆபத்து பற்றி. ஸ்கேன் பார்த்துப் போடுவதால் குறைவு, பூஜ்யம் இல்லை. பாராவெர்டிப்ரலில் ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுக் காற்று கசியலாம், அபூர்வம். சிலருக்கு அந்தப் பக்கக் கண்ணிமை சில மணி நேரம் தொங்கும், தானாகச் சரியாகும். மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் நாக்கு மரப்பது, வாயில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம், இன்னும் மோசமானால் வலிப்பு வரும். அதை முறிக்க லிப்பிட் எமல்ஷன் என்ற வெள்ளை மருந்து தியேட்டரில் இருக்க வேண்டும். ரத்தம் இளகும் மாத்திரை எதையாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆஸ்பிரின் உட்பட.

சித்தியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், டியூட்டி கூப்பிடுகிறது.

மூணாம்_வருஷம்

மேலே டாக்டர் எழுதியதற்கு என் உடம்பே சாட்சி.

எனக்கு முதுகில் போடும் பிளாக். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால், முழித்துக்கொண்டிருக்கும்போதே. டேபிளில் உட்காரவைத்து தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், ஜெல்லி ஜில்லென்று இருந்தது, ஒரு நர்ஸ் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பெண்ணின் பத்தாவது மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஊசியைவிட அந்த மார்க்தான் ஞாபகம் இருக்கிறது. அழுத்துவது போல இருந்ததே தவிர பெரிய வலி இல்லை.

சாயங்காலம் காபி குடித்தேன். புண்ணிலிருந்து வடியும் நீர் சேரும் டிரெயின் பாட்டிலை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானே பாத்ரூம் போனேன். எதிர்ப் படுக்கையில் இருந்த அம்மாவுக்கும் அதே நாள் அதே ஆபரேஷன், பிளாக் இல்லை, அவர் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் முதல் நாளைப் பொறுத்தவரை நான் பிளாக் கட்சி.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிளாக் இறங்கியது. யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை, அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரியுமே, அப்படி வந்தது வலி. நர்ஸை எழுப்பி, அவர் டாக்டரைக் கேட்டு, ஊசி வர ஒரு மணி நேரம் ஆனது. மாத்திரையைப் பிளாக் இறங்குவதற்கு முன்னாலேயே, வலி இல்லாதபோதே, நேரப்படி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 'வலிச்சா சொல்லுங்க' என்பார்கள். காத்திருக்காதீர்கள்.

பின்னாடி வலி? இருக்கிறது. மூணு வருடம் ஆகிறது. சித்தி அளவுக்கு இல்லை. தழும்புக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மதமதப்பு, அதன் ஓரத்தில் சுருக் சுருக். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எடுத்துவிட்ட மார்பின் காம்பில் அரிப்பு எடுக்கும். கை போனால் அங்கே ஒன்றும் இருக்காது. முதல் தடவை பயந்துபோய் அழுதேன், அப்புறம்தான் தெரிந்தது, கால் எடுத்தவர்களுக்கு இல்லாத கால் வலிக்கும் என்பார்களே, அதே சங்கதி, நிறையப் பேருக்கு உண்டாம். இப்போதெல்லாம் அது வந்தால் 'வந்துட்டியா' என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

சந்தேகசாமி

எதிர்க் கருத்து ஒன்று. என் மனைவிக்குப் போட்டார்கள். பில்லில் தனி வரியாக வந்தது, கொடுத்தோம். முழித்ததும் கத்தினாள். மரத்தது முதுகில் ஒரு பட்டை மட்டும். கேட்டதற்கு 'சிலருக்கு அப்படி ஆகும்' என்றார்கள். பிற்கால வலி வராது என்று ஆசை காட்டித்தான் எங்களையும் சம்மதிக்க வைத்தார்கள், இப்போது அந்த லான்செட் கணக்கைப் படித்தால் வயிறு எரிகிறது. பிளாக் கெட்டது என்று சொல்லவில்லை. எதற்கு என்று உண்மையைச் சொல்லி விற்கட்டும்.

பாதிராத்திரி_டியூட்டி

@சந்தேகசாமி உங்கள் கோபம் நியாயம். பிளாக் சரியாகப் பிடிக்காமல் போவது உண்டு, எனக்கும் ஆகியிருக்கிறது. முழித்திருக்கும்போது போட்டால் ஐஸ் கட்டி வைத்து எங்கே ஜில்லென்று தெரியவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம், மயக்கத்துக்கு அப்புறம் போட்டால் அந்தச் சோதனைக்கு வழியில்லை. அதனால் பிளாக் மட்டும் நம்பி இருக்கக்கூடாது, பாராசிட்டமால், ஒத்துக்கொள்பவர்களுக்கு புரூஃபென் வகை மாத்திரை, மயக்கத்தின்போதே ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இவையெல்லாம் கூடவே ஓட வேண்டும். பிடிக்காவிட்டால் மாற்று என்ன என்று முன்கூட்டியே கேட்பது நோயாளியின் உரிமை. @மூணாம்_வருஷம் சொன்ன ராத்திரி இரண்டு மணி விஷயம் நூற்றுக்கு நூறு சரி, எங்கள் பக்கத்துத் தப்பு அது.

இப்போது சித்தி. காலம் கடந்துவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து வருபவர்களைத்தான் நான் கிளினிக்கில் அதிகம் பார்க்கிறேன், காரணம் அந்த 'அப்படித்தான் இருக்கும்'. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது புண் ஆறுவதன் வலி இல்லை, தனியாகப் பார்க்க வேண்டிய வலி.

முதல் வேலை, அது நரம்பு வலிதானா என்று உறுதிசெய்வது. அதே இடத்தில் புற்று திரும்பியிருக்கிறதா, கழுத்து எலும்பிலிருந்து வருகிறதா, தோள் இறுகிவிட்டதா, கை வீக்கம் தொடங்கியிருக்கிறதா என்று யாராவது கையை வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றச் சொல்லி, தொட்டு, பஞ்சால் தடவி, எங்கே மரத்திருக்கிறது எங்கே எரிகிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பார்ப்பேன் நான். துணி உரசினாலே எரிகிறது என்று நீங்கள் எழுதியது நரம்பு வலியின் கையெழுத்து. சாதாரண வலி மாத்திரை அதற்குப் பெரிதாகக் கேட்காது, அதனால் அவர் மாத்திரை போட்டும் போகவில்லை என்று சொல்லியிருப்பார், சரியா?

அதற்கென்று மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகேபாலின், டுலோக்ஸெட்டின் வகைகள். குறைந்த அளவில் ராத்திரியில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். தூக்கம், வாய் உலர்தல், தலைசுற்றல் வரும், முதல் வாரத்தில் பலர் விட்டுவிடுவது அதனால்தான். கிட்னி, இதயம், கண் அழுத்தம் பார்த்துத்தான் எதை என்று முடிவு செய்வது, கடையில் வாங்கிப் போடும் சங்கதி இல்லை. லிடோகெய்ன் (மரப்பு மருந்து) பேட்ச் தோலில் ஒட்டுவது, உடம்புக்குள் அதிகம் போகாது, சித்திக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கலாம்.

அதற்கு மேல் இதே பிளாக்தான் வேறு வேடத்தில் வருகிறது. அந்த இன்டர்காஸ்டோபிராக்கியல் நரம்பையே ஸ்கேனில் தேடி மருந்து விடலாம். எரிச்சல் சட்டென்று அடங்கினால், குற்றவாளி அந்த நரம்புதான் என்பதும் தெரிந்துவிடும். சிலருக்கு மருந்தின் நேரம் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் நிம்மதி நீடிக்கிறது, சிலருக்கு அன்றைக்கே திரும்பிவிடும், அப்போது ரேடியோ அலை சிகிச்சை போன்றவற்றை யோசிப்போம். ஒரு தகவல்: மேலே சொன்ன எரெக்டர் ஸ்பைனே பிளாக்கை 2016இல் ஃபொரேரோ குழு முதன்முதலில் எழுதியதே ஆபரேஷன் வலிக்காக இல்லை, நெஞ்சுப் பகுதியில் நாள்பட்ட நரம்பு வலி இருந்தவரிடம் செய்ததைத்தான். நாள்பட்ட வலியைத் தடுப்பதில் பிளாக்குக்கு நான் அதிக மார்க் போடவில்லை, ஆனால் வந்த வலியைக் குறைப்பதில் அதற்கு ஒரு இடம் உண்டு.

மருந்துச்சீட்டு

பார்மசிஸ்ட். ஒரே ஒரு விஷயம், ஆனால் முக்கியம். சித்தி டமாக்ஸிஃபென் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை கல்லீரலில் ஒரு என்சைம் மூலம் மாறினால்தான் முழுதாக வேலை செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின் இரண்டும் அந்த என்சைமைப் பலமாகத் தடுக்கும், டுலோக்ஸெட்டின் ஓரளவு தடுக்கும். வெண்லாஃபாக்ஸின், கேபாபென்டின் பக்கம் அந்தத் தொல்லை கிடையாது என்றே சொல்லலாம். வலி டாக்டரிடம் போகும்போது புற்றுநோய் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள், 'சத்து மாத்திரை' என்று வாயால் சொல்பவர்கள் நிறையப் பேர். புற்றுநோய் மாத்திரை லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்றால் கதை வேறு, அவற்றால் மூட்டு வலி வரும், அதையும் ஆபரேஷன் வலியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சகஜம்.

கைவிரல்_சுவர்

நான் பிசியோ. எல்லோரும் ஊசி மாத்திரை என்று பேசிவிட்டார்கள், கையை மறந்துவிட்டார்கள்.

தாழம்பூ, உங்களுக்கு: ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு தடவை பிசியோவைப் பாருங்கள், இப்போது கை எவ்வளவு தூக்க முடிகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து விரல் மடக்கி விரிப்பது, முழங்கை மடக்குவது. டிரெயின் எடுக்கும்வரை பொதுவாகத் தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கப்புறம் சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்ற வேண்டும், எங்கே நின்றது என்று பென்சிலால் சுவரில் கோடு போட்டு தேதி எழுதுங்கள். பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்போமே அது மாதிரி. ஹவுஸ் ஓனர் திட்டினால் காலண்டர் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் பார்ப்பவர்களில் பாதிப் பேர் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். பஸ்ஸில் யாராவது இடித்துவிடுவார்களோ என்ற பயம். மாதக்கணக்கில் அப்படி வைத்திருந்தால் மார்புத் தசை இறுகி அதுவே தனி வலியாகிவிடும், அதை நரம்பு வலி என்று நினைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இன்னொன்று, சிலருக்கு ஆபரேஷன் முடிந்த சில வாரத்தில் அக்குளிலிருந்து முழங்கைப் பக்கம் தோலுக்கு அடியில் வீணைத் தந்தி மாதிரி ஒன்று இழுக்கும், கையைத் தூக்கினால் கண்ணுக்கே தெரியும். பயப்பட வேண்டாம், நீட்டிப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பிசியோவிடம் காட்டுங்கள்.

சித்திக்கு: தோலைத் துணிக்குப் பழக்குவது என்று ஒன்று இருக்கிறது. மிருதுவான துணியில் தொடங்கி, எரியும் இடத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும், ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஒரு வாரம் அது தாங்கினால் கொஞ்சம் சொரசொரப்பான துணி, அப்புறம் துண்டு. மூளைக்கு 'இது வெறும் துணி' என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான் இதில் வேலையே. சலிப்பான வேலை, பாதியில் விட்டுவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யவையுங்கள்.

சந்தேகசாமி

அந்தத் துணி சமாசாரத்தை என் மனைவிக்குச் சொல்லிப் பார்க்கிறேன். இதற்குத் தனி பில் இல்லை அல்லவா.

தாழம்பூ_43

முதலில் எல்லோருக்கும் நன்றி. நான் வந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதுதான் டைப் அடிக்க முடிகிறது, அதுவும் ஒரு கையால்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டரிடம் நேராகக் கேட்டேன், பின்னாடி வலி வராது என்று சொன்னீர்களே, அந்தப் பெரிய ஆய்வில் வித்தியாசம் இல்லையாமே என்று. ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். 'கரெக்ட்தாம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனா முதல் நாளைக்கு நல்லா இருக்கும்' என்றார். அதற்கு அப்புறம்தான் அவர்மேல் நம்பிக்கையே வந்தது. பெக்ஸ் போட்டார்கள், மயக்கத்துக்கு அப்புறம், அதனால் ஐஸ் கட்டி சோதனை எல்லாம் இல்லை. பிளாக் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முன்னாலேயே கேட்டுவிட்டேன், சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பிடித்தது. மாத்திரையை வலி வருவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கினேன், நர்ஸ் 'வலிக்குதா' என்றார், 'இன்னும் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு வலிக்கும்' என்றேன், ஜோசியம் பார்ப்பவள் மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். மூணாம்_வருஷம் அக்கா, அந்த ராத்திரி உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். விடியற்காலை நாலு மணிக்குக் கொஞ்சம் வலித்தது, தாங்கக்கூடியதுதான்.

நெறிக்கட்டியில் மூன்றுதான் எடுத்தார்கள், சுத்தமாக இருந்ததாம், அக்குளைக் கிளறவில்லை. நரம்பைப் பற்றிக் கேட்டதற்கு சர்ஜன் சிரித்து 'யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்றது' என்றார். கையின் உட்புறம் ஒரு இடத்தில் மட்டும் லேசான மதமதப்பு இருக்கிறது, எரிச்சல் இல்லை. ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று தெரியாது, வந்தால் 'அப்படித்தான் இருக்கும்' என்று கேட்டுக்கொண்டு திரும்பி வரமாட்டேன். சுவரில் நாலு கோடு ஏறியிருக்கிறது.

சித்தியை வலி கிளினிக்குக் கூட்டிப் போனோம். அந்த டாக்டரும் பேனாவால் கோடு போட்டுத்தான் பார்த்தார். டமாக்ஸிஃபென் அட்டையைக் காட்டினோம், கேபாபென்டின் சின்ன அளவில் கொடுத்து ஒரு மாதம் பார்க்கலாம், குறையாவிட்டால் அந்த நரம்புக்கு ஊசி போடலாம் என்றார். சித்திக்கு மாத்திரையைவிட, இந்த வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததில் பாதி தெம்பு வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை, கடைசியில் 'இன்டர்சிட்டி நரம்பு' என்று வைத்துக்கொண்டார்.

கைவிரல்_சுவர், ஒரு சந்தேகம். துணிப் பழக்கம் தொடங்கிவிட்டோம். பட்டுத்துணிதான் வேண்டுமா என்று சித்தி கேட்கிறார், கல்யாணப் புடவையை வெட்ட மனசு வரவில்லையாம்.

கைவிரல்_சுவர்

ஐயோ, புடவையை வெட்ட வேண்டாம். கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உறுத்தாத எதுவும் சரி. துவைத்துத் துவைத்துப் பழசான சித்தப்பா வேட்டி ஒன்று இருந்தால் அதைவிட நல்லது கிடையாது.